மூன்று ஸ்பிரிங்கும் ஒரு வீரவாளும்

பாரத நாட்டின் வான்வெளியைப் பகைவரிடமிருந்து காத்து நின்ற மாவீரர்களின் பட்டியல் என்றாவது பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படுமானால், 1992-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணனூர் தங்கவேலிடமிருந்து ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயைக் கைப்பற்றிய காவலரின் பெயர் முதல் வரியிலேயே இடம்பெற்றாக வேண்டும். அவர் பெயர் தெரியாமல் போனது நம் துரதிர்ஷ்டம். சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் அன்று பேனா இருந்தது.

தங்கவேல் அப்படியொன்றும் அபாயகரமான மனிதர் அல்ல. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். முதலாளி பார்த்தசாரதியையும் சேர்த்து அங்கே இருபது பேர். டெல்லியில் ஒரு பெரிய அலுவலகத்துக்குப் பம்பு வால்வில் போடும் ஸ்பிரிங் சப்ளை செய்வதற்கு அந்தக் கம்பெனி முயன்றுகொண்டிருந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. திடீரென்று தந்தி அடிப்பார்கள். இரண்டு நாளில் மூன்று சாம்பிள் வரவேண்டும், கம்பெனி ஆளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். ரயிலில் போனால் தந்தி காலாவதியாகிவிடும். ஆகையால் தங்கவேல் பறந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், சில சமயம் மாதா மாதம். அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனைக்குப் பின்னால் குடியிருந்தவர்களில் இவ்வளவு பறந்த ஆள் வேறு யாரும் இல்லை. காக்கைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊறுகாய் அவர் மனைவி வனஜா கொடுத்தனுப்பியது. டெல்லிச் சாப்பாடு தங்கவேலின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அதைக் காவலர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல இன்னா கீது?"

"எலுமிச்சை ஊறுகாய் சார்."

"காரமா?"

"காரம்தான்."

"பைலட் கண்ணுல தேச்சா?"

இந்தக் கேள்வி தங்கவேலுக்கு அதுவரை வாழ்க்கையில் தோன்றியதே இல்லை. நாட்டின் பாதுகாப்புக்காகச் சம்பளம் வாங்குகிறவருக்கும் ஸ்பிரிங்குக்காகச் சம்பளம் வாங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஊறுகாய் மேஜைக்கு அடியில் போயிற்று. மூன்று ஸ்பிரிங்குகளைக் காவலர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "பேனா ஸ்பிரிங்கா? போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தடவை டெல்லியில் ஸ்பிரிங் தேறவில்லை. கம்பியின் கனம் நூலளவு குறைவு. அது கம்பெனியின் குற்றம், ஒப்புக்கொள்வோம்.

அடுத்த தந்தி மே மாதம் வந்தது. தங்கவேல் ஊறுகாயைத் தவிர்த்தார். வேறொரு காவலர், வேறொரு மீசை.

"இது என்ன பொருள்?"

"ஸ்பிரிங் சார். போன தடவை பேனா ஸ்பிரிங்னு விட்டாங்க."

"ஸ்பிரிங் இல்லாம வெடிகுண்டு செய்ய முடியுமா?"

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னு சொல்றவனைத்தான் முதல்ல பார்க்கணும்."

தங்கவேலுக்குப் பின்னால் நின்ற அம்மாளின் பையிலிருந்து ஒரு பெரிய ஜாடி வெளியே வந்தது. தங்கவேல் பரிதாபத்தோடு பார்த்தார்.

"இது?"

"மாவடு."

"மாவடுன்னா பரவால்ல. போங்கம்மா."

ஸ்பிரிங்குகளை ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து, விமான நிறுவன ஊழியரிடம் ஒப்படைத்தார்கள். டெல்லியில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தங்கவேல் டெல்லியில் இறங்கினார். உறை வேறு ஏதோ ஊரில் இறங்கியது. ஒன்பது நாள் கழித்து, பாரதத்தின் பல பகுதிகளைக் கண்டு களித்துவிட்டு, அந்த உறை அம்பத்தூருக்கே திரும்பி வந்தது. அதற்குள் டெல்லியில் "சாம்பிள் வரவில்லை" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அதன்பின் தங்கவேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஒரு போர்மேன் எந்திரத்தில் கோளாறு வந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். தேதி, கிழமை, காவலரின் அடையாளம், தடுக்கப்பட்ட பொருள், அனுமதிக்கப்பட்ட பொருள் என்று கோடு போட்டார். ஜூன் மாதம் அவருடைய டார்ச் லைட்டிலிருந்து பேட்டரிகளை எடுத்துக்கொண்டு டார்ச்சைக் கொடுத்தார்கள். ஜூலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பேட்டரிகளைக் கொடுத்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அரசாங்கத்திடம் ஒரு முழு டார்ச் லைட் சேர்ந்திருந்தது. ஆகஸ்டில் பெல்ட் பக்கிள் கத்தியாக மாறும் என்றார்கள். செப்டம்பரில் பெல்ட்டை விட்டுவிட்டு, ஷூவின் குதிகாலில் ஆணி இருக்கிறதென்று கழற்றித் தட்டிப் பார்த்தார்கள். இந்த நான்கு பயணத்திலும் ஸ்பிரிங் இரண்டு தடவை டெல்லி போய்ச் சேர்ந்தது, இரண்டு தடவை மேஜைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இரண்டு தடவையும் கனம் சரியாக இருந்தது, நீளம் சரியாக இல்லை.

அவரை விமான நிலையத்துக்கு ஒவ்வொரு தடவையும் அம்பாசடர் டாக்சியில் ஏற்றிச் சென்றவர் துலுக்கானம். அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் வண்டி போட்டிருப்பவர். பூந்தமல்லி தாண்டுவதற்குள் எந்தச் சிக்கலுக்கும் ஒரு முடிவு சொல்லிவிடுவார்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு அண்ணாத்தே. நோட்டுல இன்னா எய்தினாலும் கணக்கு வராது. அந்த ஆளு நாஷ்டா துன்னானா இல்லியான்னு ஒரு கட்டம் போடு. எல்லாம் கரீட்டா வந்துரும்."

"அதை எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

"வாயப் பாத்துக்கினே இரு. ஏப்பம் வுட்டான்னா ஸ்பிரிங்க எடுத்து நீட்டு."

தங்கவேல் இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டில் கட்டம் போட்டார்.

அக்டோபரில் பயணிகள் குறைகேட்புக் கூட்டம் என்று பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. தங்கவேல் லீவு போட்டுவிட்டுப் போனார். நீண்ட மேஜை, பச்சைத் துணி, ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட கண்ணாடி டம்ளர். அதிகாரிகள் ஏழு பேர் வந்திருந்தார்கள். பயணிகள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. அதன் பிறகு, ஏழு அதிகாரிகள் ஒரு குடிமகனின் குறையைக் கேட்கும் அரிய காட்சி அரங்கேறியது.

"என்னென்ன கொண்டு போகலாம், என்னென்ன கூடாதுன்னு ஒரு பட்டியல் குடுத்தீங்கன்னா போதும் சார்" என்றார் தங்கவேல். "அதுப்படி நடந்துக்கறேன்."

சோதனைப் பிரிவுக்கு அப்போது இன்ஸ்பெக்டராக இருந்தவர் உத்தமன். கறார் பேர்வழி, ஆனால் முகத்தில் ஒரு கனிவு உண்டு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பட்டியல் இருக்கு. ஆனா அது ரகசியம்."

"பயணிக்குமா சார்?"

"பயணிக்குத்தான் முக்கியமா ரகசியம். பட்டியலை வெளியே விட்டா தீவிரவாதி படிச்சிடுவான். அதுல இல்லாததைக் கொண்டு வருவான்."

"அப்போ உங்க காவலர்களுக்காவது..."

"அவங்களுக்கும் காட்டுறதில்லை. அவங்க வெளியில சொல்லிட்டா?" உத்தமன் முன்னால் சாய்ந்தார். "நாளைக்குக் காலையில நாங்க எதைப் பிடிக்கப் போறோம்னு எங்களுக்கே தெரியாது. அப்புறம் எதிரிக்கு எப்படி சார் தெரியும்? உலகத்துல இதை மிஞ்சின பாதுகாப்பு உண்டா?"

மற்ற ஆறு அதிகாரிகளும் தலையாட்டினார்கள். தங்கவேலுக்கே ஒரு கணம் புல்லரித்துவிட்டது. நாற்பது பக்க நோட்டில் கணக்கு ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கணக்கு இல்லாததே கணக்கு! கூட்டத்தின் முடிவில் "காரம் என்பதற்கு வரையறை காண மூவர் துணைக்குழு அமைக்கப்படுகிறது" என்று தீர்மானம் நிறைவேறியது. பிஸ்கட் கொடுத்தார்கள். அதை வெளியே எடுத்துப் போகக்கூடாது என்றார்கள்.

டிசம்பரில் தந்தி வந்தது. வழக்கத்தைவிட இரண்டு வரி நீளமாக இருந்தது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சாம்பிள் வராவிட்டால் சப்ளையர் பட்டியலிலிருந்து கம்பெனியின் பெயரை நீக்கிவிடுவார்களாம்.

பார்த்தசாரதி தந்தியை இரண்டு தடவை மடித்து, இரண்டு தடவை பிரித்தார். நல்ல மனிதர். கோபமே வராது. வராத கோபம் அன்று பயமாக வெளியே வந்தது.

"இந்த வாட்டி நீளம் கனம் ரெண்டும் நானே பத்து தடவை பார்த்துட்டேன், தங்கவேல். ஸ்பிரிங் தேறும். நீங்க போய்ச் சேரணும். அவ்வளவுதான். பொங்கல் வரைக்கும்தான் பர்னஸை எரிய வைக்க முடியும் என்னால. அதுக்கப்புறம் எல்லாரையும் நிக்க வச்சு நான் என்ன சொல்லுவேன்?"

பர்னஸ் பக்கம் நாகம்மா ஸ்பிரிங்குகளைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அதே இடத்தில் அதே தட்டு. அவள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கை நின்றிருந்தது. தங்கவேல் அதைப் பார்த்துவிட்டார். அன்று மாலை ரயிலில் அண்ணனூர் வரும்வரை அந்த நின்ற கைதான் அவர் கண்ணில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை விரித்தார். இதுவரை ஒரு தடவையாவது தடுக்கப்பட்ட எல்லாவற்றையும் நீக்கிவிடுவது என்று முடிவு செய்தார். பை கூடாது, பையில் ஜிப் இருக்கிறது. பெல்ட் கூடாது. பெல்ட் இல்லாமல் பேன்ட் நிற்காது, ஆகவே பேன்ட்டும் கூடாது. ஷூ கூடாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய மூன்று ஸ்பிரிங், டிக்கெட், கொஞ்சம் ரூபாய் நோட்டு. அவ்வளவுதான்.

வனஜா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அரைஞாண்?"

தங்கவேல் திடுக்கிட்டார். இடுப்பில் வெள்ளி அரைஞாண். கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார்.

"கடவாப் பல்லுல வெள்ளி அடைச்சிருக்கே?"

"அதை எப்படிடி கழட்டுறது?"

"வாயத் தொறக்காம போய்ட்டு வாங்க" என்றாள் வனஜா. "டெல்லியில குளிரு பல்லைக் கிட்டும்னு சொல்றாங்க. ஒரு சொட்டர்கூட இல்லாம..."

"சொட்டர்ல ஊசி வச்சுப் பின்னுனியான்னு கேப்பாங்க."

டாக்சியில் ஏறியதும் துலுக்கானம் கண்ணாடியில் அவரைப் பார்த்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, எலக்சன்ல நிக்கிறியா?"

விமான நிலையத்தில் அன்று சோதனை மேஜையில் இன்ஸ்பெக்டர் உத்தமனே நின்றிருந்தார். தங்கவேலின் மனம் குளிர்ந்தது. நேராகப் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். உத்தமன் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"பை எங்கே?"

"இல்லை சார்."

"டெல்லிக்குப் போறீங்க. டிசம்பர் மாசம். மாத்துத் துணி?"

"இல்லை சார்."

"ஊறுகாய்?"

"இல்லை சார்."

உத்தமனின் முகம் இறுகியது. "ஊறுகாய் இல்லாம எந்தத் தமிழன் சார் டெல்லிக்குப் போறான்? ஒண்ணுமே கொண்டு போகாதவன் ஒண்ணு திரும்பி வர்ற எண்ணம் இல்லாதவன், இல்லேன்னா எல்லாத்தையும் மறைச்சு வச்சிருக்கிறவன். ஏன் வாயைத் திறக்காம பேசுறீங்க?"

ஸ்பிரிங்குகள் வெளியே வந்தன. மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளில் மூன்றையும் வரிசையாக வைத்தார்கள். தங்கவேலை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மேலதிகாரி வந்து பார்க்கவேண்டும் என்றார்கள். மேலதிகாரி காரம் பற்றிய துணைக்குழுவின் கூட்டத்தில் இருந்தார்.

டெல்லி விமானத்துக்கு முதல் அறிவிப்பு வந்தது. தங்கவேல் எழுந்தார்.

"சார், இது பம்பு ஸ்பிரிங் சார். இது இன்னிக்கு நாலு மணிக்குள்ள போய்ச் சேரலேன்னா இருபது பேர் வீட்டுல அடுப்பு எரியாது சார். வேணும்னா என்னை இங்கேயே வச்சுக்கோங்க, ஸ்பிரிங்கை மட்டும் அனுப்புங்க."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. உத்தமன் கனிவாகச் சொன்னார்: "உக்காருங்க. நான் மனுஷன்தான். ஆனா ட்யூட்டியில இருக்கேன்."

இரண்டாவது அறிவிப்பும் வந்துவிட்டது. அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு பேரிரைச்சல் எழுந்தது. வாழ்க வாழ்க என்று நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். நடுவில் மாலைகளுக்குள் எங்கோ ஒரு தலைவர் இருந்தார். டெல்லியில் மாநாடாம். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட்டத்தின் முன்னால், வட்டச் செயலாளர் வேம்புலி, ஒரு கையில் பழக்கூடையும் மறு கையில் நான்கடி நீள வீரவாளுமாக வந்தார். வாள் மாநாட்டில் யாருக்கோ பரிசளிக்க வேண்டியது. கைப்பிடியில் வெள்ளி, மற்றதெல்லாம் நல்ல இரும்பு. போர்மேன் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

வேம்புலிக்கு டிக்கெட் இல்லை. அவர் வழியனுப்ப வந்தவர். வாளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தார். ஸ்டூல் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு ஓர் ஆள் கலங்கிய கண்ணோடு நின்றிருந்தார்.

"இன்னா நைனா, ஓரமா நின்னு அய்துகினு கீற? டிக்கெட் கீதா?"

"இருக்கு."

"டெல்லிதான?"

"டெல்லிதான். ஆனா நான்..."

"அப்போ புடி. தலைவரு பின்னாலயே போ. கீய போட்டுறாத, முனை மய்ங்கிரும்."

வாள் தங்கவேலின் கைக்கு வந்தது. கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. உலோகம் கண்டுபிடிக்கும் வாசல் சட்டத்துக்குள் அவர் வாளோடு நுழைந்ததும் அது ஊரைக் கூட்டுவதுபோல் அலறியது. இன்ஸ்பெக்டர் உத்தமன் பாய்ந்து வந்தார். தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது உத்தமன் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்கு மரியாதை தெரியலை, மன்னிக்கணும் அண்ணே."

தங்கவேலுக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்பதும் நினைவிருந்தது. வாளின் முனையால் மேஜையைச் சுட்டிக் காட்டினார்.

"அது உங்களுதா அண்ணே? முன்னாடியே நம்ம ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" உத்தமன் மூன்று ஸ்பிரிங்கையும் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். இன்னொரு காவலர், "ஊறுகாய் ஏதாச்சும் வேணுமாண்ணே? நிறைய இருக்கு" என்றார்.

விமானத்தில் தங்கவேல் வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வங்கி அதிகாரி. சோதனையில் தன் நகவெட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் வாளைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்தார். பணிப்பெண் வந்து, வாளுக்கும் சேர்த்து பெல்ட் போட்டுவிட்டுப் போனாள்.

டெல்லியில் இறங்கியதும் வாளை வாங்கிக்கொள்ள ஆள் வந்திருந்தது. ஸ்பிரிங்கை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. தங்கவேல் ரப்பர் செருப்போடு குளிரில் பல் கிட்ட ஆட்டோ பிடித்து, மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அந்த மேஜைமேல் மூன்று ஸ்பிரிங்கையும் வைத்தார். கனம் சரி. நீளம் சரி. அழுத்திப் பார்த்தார்கள், எழும்பின. விறைத்த விரல்களால் தங்கவேல் கையெழுத்துப் போட்டபோது அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அம்பத்தூரில் டிரங்க் கால் வந்ததும் பார்த்தசாரதி போனை வைக்காமலே பர்னஸ் பக்கம் ஓடினாராம். நாகம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்டியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். அன்று அவள் பொறுக்கிய வேகத்துக்கு ஸ்பிரிங் வந்து சேரவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஜனவரியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட தங்கவேல் மீண்டும் டெல்லிக்குக் கிளம்பினார். இந்தத் தடவை கவலையே இல்லை. ஸ்பிரிங் இல்லை, வெறும் காகிதம். பேன்ட் போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, வனஜா பின்னிய ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டார். மேஜையில் உத்தமன்தான் இருந்தார். ஒப்பந்தத் தாள்களைப் புரட்டினார். மூலையில் அவர் விரல் நின்றது.

"இது என்ன?"

"குண்டூசி சார். ரெண்டு தாளையும் சேர்த்துக் குத்தியிருக்கு."

"கூர்மையான ஆயுதம்."

உத்தமன் குண்டூசியை உருவினார். பதிவேட்டில் எழுதினார். பறிமுதல் ரசீது ஒன்று எழுதி, அதன் நகலைப் பதிவேட்டோடு சேர்த்து, கைப்பற்றிய அந்த ஆயுதத்தாலேயே பத்திரமாகக் குத்தி வைத்தார்.

தங்கவேல் பொறுமைசாலி. ஆனால் அன்று கேட்டுவிட்டார்.

"சார், போன மாசம் இதே வழியில நான் நாலடி வாளோட போனேன். நீங்கதான் சல்யூட் அடிச்சீங்க."

உத்தமன் அவரை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. வெட்கப்படவில்லை. சொன்னோமே, முகத்தில் கனிவு உள்ளவர்.

"ஆமா. அன்னிக்கு உங்ககூட நாப்பது பேர் இருந்தாங்க. இன்னிக்கு?"

"யாரும் இல்லை சார்."

"அதான்."

"இந்தக் குண்டூசியால யாருக்கு சார் ஆபத்து?"

"உங்களுக்குத்தான்" என்றார் உத்தமன், மிகுந்த அக்கறையோடு. "பின்னாடி ஆள் இல்லாதவன் கையில எது இருந்தாலும், அவனுக்குத்தான் ஆபத்து."